நீ தட்டிய பாதி

செங்கல்பட்டு
5 ஜூன் 2024

திரு. சரவணகுமார் அவர்களுக்கு,

வணக்கம். இது அலுவலகக் கடிதம். வேறு எதையாவது எதிர்பார்த்து உறையைக் கிழித்திருந்தால் மன்னிக்கவும்.

நம் டயாலிசிஸ் மையம் அடுத்த மாதம் கூடுவாஞ்சேரியில் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. கட்டில்களும் மெஷின்களும் லாரியில் போய்விடும். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சர்வரும் போக வேண்டும். அதற்கு முதலில் அதை நிறுத்த வேண்டும். நிறுத்த என் ஒருத்தி விரல் போதும். மறுபடி கிளப்புவதற்குத்தான் நீங்கள் வேண்டும்.

உங்களுக்கு மறந்திருக்கும் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். நீங்கள் இங்கே வேலைக்குச் சேர்ந்த வருடம், டிஸ்க்கை யாராவது கழற்றிக்கொண்டு போனாலும் நோயாளிகளின் பதிவுகளைப் படிக்க முடியாதபடி அதை என்கிரிப்ட் செய்தோம். (மறையாக்கம் என்று எழுது என்கிறார் என்னைப் பார்க்க வந்திருக்கும் அப்பா. ஓய்வு பெற்றாலும் தமிழாசிரியர் தமிழாசிரியர்தான்.) ஒரே ஆள் கையில் முழு பாஸ்வேர்டும் இருக்கக் கூடாது என்று மேலாளர் துர்காதேவி மேடம் சொன்னதால் அதை இரண்டாக்கினோம். முன்பாதி உங்களுடையது, பின்பாதி என்னுடையது. சர்வர் நின்று எழும்போதெல்லாம் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி கேட்கும். நீங்கள் உங்கள் பாதியைத் தட்டும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பேன். பிறகு நீங்கள் திரும்பிக்கொள்வீர்கள், நான் என் பாதியைத் தட்டி எண்டர் அடிப்பேன். தட்டுகிற எழுத்து எதுவும் திரையில் தெரியாது, ஒரு புள்ளிகூட வராது. அந்தச் சுவரில் இருந்த மாத்திரைக் கம்பெனி காலண்டரை நான் மனப்பாடமாகச் சொல்வேன்.

வேலையை விட்டுப் போகும்போது லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்தீர்கள். உங்கள் பாதியை ஒப்படைக்கவில்லை. அது மறந்துபோனால் இந்த லினக்ஸை எழுதினவர்களே வந்தாலும் அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது. வேறொரு புதுச் சாவி சேர்க்கலாம் என்றாலும், பழைய சாவியைக் காட்டினால்தான் சேர்க்க விடும். இதெல்லாம் நீங்களே எனக்குச் சொன்னவை.

நீங்கள் போனதிலிருந்து சர்வர் ஒருமுறையும் நிற்கவில்லை. நிற்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே ஒருநாள் நேரில் வந்து போகவும். முடியாவிட்டால் உங்கள் பாதியை உறையில் வைத்து அரக்கு முத்திரை இட்டு மேடத்துக்கு அனுப்பவும். போனில் கேட்டிருக்கலாம். பாஸ்வேர்டு விஷயம் போனிலோ வாட்ஸ்அப்பிலோ கூடாது என்பது நாமே போட்ட விதி. தவிர, நீங்கள் என் போனை எடுப்பதும் இல்லை.

இப்படிக்கு,
ரூத்

பி.கு. உங்கள் பைக் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பதற்காக மட்டும்.


புதுப்பட்டினம்
12 ஜூன் 2024

ரூத்,

உன் அலுவலகக் கடிதம் வந்தது. அலுவலகக் கடிதத்தில் பைக் பேட்டரியும் சேர்த்தி என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

தபால்காரர் இங்கே நான் வேலை பார்க்கும் ரிப்பேர் கடை வாசலில் நின்று என் பெயரைச் சத்தமாகப் படித்தார். படகுக்காரர் ஒருவரின் வயர்லெஸ் செட்டைக் கழற்றிக்கொண்டிருந்த கார்த்தி எட்டிப் பார்த்தான். "இன்னாண்ணா, லெட்டர்லாம் வருது? கோர்ட்டு நோட்டீஸா?" என்றான். உறையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணி கையெய்த்து. அச்சடிச்ச மாரி கீது. அப்போ நோட்டீஸ்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். என் சித்தப்பா மகனுக்கு வாய் கொஞ்சம் நீளம். உன் கல்யாணத்திலேயே பார்த்திருப்பாய்.

உன் கல்யாணம் என்று எழுதிவிட்டேன் பார். நம் கல்யாணம்.

நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். கல்யாணத்துக்கு முன்பும் நீ என்னை நீங்கள் என்று கூப்பிட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "அந்த வயரை மிதிக்காதே" என்றாய். நீ என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். மூன்று பக்கத்தில் எத்தனை நீங்கள் வருகிறது என்று எண்ணவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் குத்தியது.

போனை ஏன் எடுப்பதில்லை என்று சொல்கிறேன். போனில் பேசினால் என் வாய் பேசும். நீ திருத்துவாய். திருத்தக் கூடாது என்று முடிவு செய்திருந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வாய், அதுவும் எனக்குக் கேட்கும். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. எழுத்தில் நான் உன் அப்பாவுக்குச் சளைத்தவன் இல்லை. வேண்டுமானால் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு தேடிப் பார்.

நான் இங்கே வந்துவிட்டதற்குக் காரணம் உன் தம்பி ஜோஷ்வா நிச்சயதார்த்தத்தில் நடந்ததுதான். உனக்கு அது சின்ன விஷயம். எனக்கு அப்படி இல்லை. உன் மார்கரெட் அத்தை அத்தனை தூரத்திலிருந்து வந்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் நம்மைப் பார்க்க வரவே இல்லை. நான் பெரிய மனிதன் மாதிரி எழுந்து நின்று, "அத்தே, எல்லாரும் நம்ம வூட்டுக்கு வந்துட்டுத்தான் போவணும்" என்றேன். பின்னாலிருந்து உன் குரல் வந்தது. "வூடு இல்ல, வீடு." கூடம் முழுக்கச் சிரித்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்பிள்ளைக்கு ட்யூஷன் எடும்மா" என்றார். நான் கூப்பிட்டதை யாருமே கேட்கவில்லை, ரூத். சொல்லைத்தான் கேட்டார்கள். அன்றைக்கு அவர் நம் வீட்டுக்கு வரவும் இல்லை.

சர்வர் விஷயம். என் பாதியைக் காகிதத்தில் எழுத மாட்டேன். அரக்கு முத்திரை வைத்தாலும் மாட்டேன். அது விதிக்காக மட்டும் இல்லை. மேடம் தேதி சொல்லட்டும், திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு பஸ்தானே, வந்து தட்டிவிட்டுப் போகிறேன். நீ உன் பாதியை எனக்குப் பிறகு வந்து தட்டிக்கொள். காலண்டரைப் பார்த்து நிற்க வேண்டியது இல்லை.

அதற்குள் ஒன்று செய்து வை. டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறதே, பூட்டைப் பற்றிய விவரம் முழுக்க இருப்பது, அதை மட்டும் தனியாக நகல் எடு. லாரி குலுக்கலில் அது கெட்டால் நம் இரண்டு பாதியும் சரியாக இருந்தும் பயன் இல்லை.

இங்கே எல்லாப் படகுக்காரர்களும் வலை போடும் இடத்தை ஜிபிஎஸ்ஸில் பதிந்து, பக்கத்துப் படகுக்குத் தெரியாமல் பூட்டி வைக்கிறார்கள். நேற்று ஒருவர் வந்து, "நைனா, பூட்டு மறந்துட்டேன். தொறந்து குடு, எடம்லாம் அப்டியே இருக்கணும்" என்றார். திறக்கலாம், ஆனால் இடங்கள் அழிந்துவிடும் என்றேன். அவர் செட்டை மடியில் வைத்துக்கொண்டு கடையிலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கும் அவரை எழுந்து போகச் சொல்ல மனம் வரவில்லை.

சரவணன்


செங்கல்பட்டு
16 ஜூன் 2024

சரவணா,

நீ எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. தேடினேன்.

நீ வரும்போது நான் இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு நல்ல மனது உனக்கு. அதைப் படித்துவிட்டுத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன், நான்கு தோசை கருகியது. ஒரு ஆளுக்கு எதற்கு நான்கு தோசை என்று அப்புறம்தான் உறைத்தது. இன்னும் இரண்டு பேருக்குத்தான் மாவு கரைக்கிறேன்.

கூடம் சிரித்ததற்கு நான் பொறுப்பு என்றால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உன்னைச் சின்னவனாக்கத்தான் திருத்தினேன் என்று நீ நினைப்பதை ஏற்க மாட்டேன். உனக்கு ஒன்று தெரியாது. அப்பா சின்ன வயதில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் வாத்தியாரிடம் "இன்னா சார்" என்று கேட்டாராம். எந்தத் தெருப் பிள்ளை என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது என்று வாத்தியார் சொல்ல, வகுப்பே சிரித்ததாம். அத்தனை பிள்ளைகளும் வீட்டில் அதே இன்னாதான் பேசினவர்கள். ஆனால் அவர் சொன்னால் மட்டும் தெரு தெரிந்தது. அதற்குப் பிறகு என் அப்பா ஏசுபாதம் வாத்தியாரின் வாயில் ஒரு சொல்லும் தவறியதில்லை. எங்கள் வாயிலும் தவற விட்டதில்லை. விருந்தாளி வந்தால் நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன் அம்மா எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

நீ எப்படிப் பேசினாலும் உன்னை யாரும் எந்தத் தெரு என்று கேட்டதில்லை. அதனால்தான் உன்னால் வூடு என்று கூசாமல் சொல்ல முடிகிறது. எனக்கு முதலில் அதுதான் உன்னிடம் பிடித்தது. வெளியே கிளம்புகிறவர்களின் சட்டைப் பித்தான் திறந்திருந்தால் கை தானாகப் போகும் இல்லையா, அப்படித்தான் என் வாய் போனது. உன் மேல் இளக்காரம் இல்லை. பயம்தான். என் அத்தை முன்னால் உன்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்கிற பயம். கடைசியில் சொல்ல வைத்தவளே நான்தான்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இங்கே காற்றும் மழையும். கரண்ட் போனது, ஜெனரேட்டர் கிளம்பவில்லை. மெஷின்களுக்குத் தனி பேட்டரி இருப்பதால் நோயாளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்வரின் யுபிஎஸ் மட்டும் கத்த ஆரம்பித்தது. படிக்கட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். அது நின்றுவிட்டால் உன் பாதி இல்லாமல் எழாது. மேடமே பதறிப்போய் உன்னைக் கூப்பிடுவார். நான் கெஞ்ச வேண்டியதில்லை, நீ அன்றைக்கே வந்தாக வேண்டும். ஒரு பொறுப்பான சிஸ்டம் அட்மின் அந்த நேரத்தில் என்ன வேண்டிக்கொள்ளக் கூடாதோ அதை நான் வேண்டிக்கொண்டேன்.

கரண்ட் வந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜூலை முதல் வாரத்தில் சர்வரை நிறுத்துகிறோம். நீ வா. நானும் இருப்பேன். காலண்டரைப் பார்த்துத்தான் நிற்பேன், உன்னைப் பார்க்க மாட்டேன், போதுமா?

ரூத்


புதுப்பட்டினம்
27 ஜூன் 2024

அன்புள்ள ரூத்,

உன் அப்பா கதையை நீ எனக்குச் சொன்னதே இல்லை. இத்தனை வருடம் அவர் எதிரில் நான் வாயைத் திறந்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். அது அலுப்பு என்று நினைத்திருந்தேன். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மீன் மார்க்கெட் வரைக்கும் நடந்து போய்விட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தேன். "இன்னாண்ணா, மீன் எங்க?" என்று கேட்டான் கார்த்தி.

இப்போது நான் ஒரு விஷயம் எழுத வேண்டும். எழுதினால் நீ எனக்குக் கடிதம் எழுதுவதற்கான காரணமே போய்விடும் என்று இதுவரை தள்ளிப் போட்டேன். தேதி நெருங்குகிறது. நோயாளிகளின் பதிவை வைத்துக்கொண்டு நாம் விளையாடக் கூடாது.

உனக்கு நான் தேவையே இல்லை, ரூத்.

டிஸ்க்கின் பூட்டு சர்வர் நின்றிருக்கும்போதுதான் பூட்டு. ஓடிக்கொண்டிருக்கும்வரை எல்லாம் திறந்துதான் கிடக்கிறது. உள்ளே வர அனுமதி இருக்கிறவர்களுக்கு அது சாதாரண டிஸ்க்தான். திருட்டுக்குத்தான் என்கிரிப்ஷன் காவல், உள்ளே இருக்கிறவர்களுக்கு இல்லை என்று மேடத்துக்குப் பாடம் எடுத்தவளே நீ. நான் அப்போது பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே சர்வரை நிறுத்துவதற்கு முன்பே ஒரு புது டிஸ்க்கை எடு. முதலில் அதைக் காலியாகப் பூட்டு. ஏற்கெனவே பதிவுகள் இருக்கிற டிஸ்க்கின் மேல் அப்படியே பூட்டுப் போட முயன்றால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பூட்டிய பிறகு எல்லாவற்றையும் அதற்குள் காப்பி செய். நினைவகம் நிரம்பினால் பதிவுகள் வழிந்து விழும் ஸ்வாப் பகுதியையும் மறக்காமல் பூட்டு. போன தடவை அதை விட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் திட்டு வாங்கினோம். புது பாஸ்வேர்டின் இன்னொரு பாதியை மேடமே வைத்துக்கொள்ளட்டும். என் பாதி பழைய டிஸ்க்கோடு போகட்டும்.

உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே இது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது, மறந்தே இருக்கட்டும், அதுவரைக்கும் கடிதமாவது வரும் என்று இருந்துவிட்டேன்.

இனி அலுவலகக் காரணம் எதுவும் இல்லை. சாயங்காலம் கடை மூடியதும் பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் சுற்றிக்கொண்டு போகிறேன். செங்கல்பட்டு பஸ் வந்தால் இறங்குகிறவர்களைப் பார்ப்பேன். கண்டக்டர் ஒருநாள், "ஏறுறியா இல்லியா? டெய்லி இங்கியே நின்னுகினு கீற" என்று கேட்டார். ஏறுவதற்கு என்னை யாராவது கூப்பிட வேண்டும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நீ வா என்று எழுதியிருந்தாய். அது சர்வருக்காகக் கூப்பிட்டது.

வாயால் கூப்பிட்டால் உன் பெயர் எனக்கு ரூத்து என்றுதான் வரும். எழுதும்போது மட்டும் சரியாக வருகிறது.

சரவணன்


செங்கல்பட்டு
19 ஜூலை 2024

சரவணா,

பதில் எழுத நாளாகிவிட்டது. மையம் இடம் மாறியதில் எல்லோருக்கும் இடுப்பு ஒடிந்துவிட்டது.

நீ வேலையை விட்டுப் போன வாரமே காப்பி எடுத்துவிட்டேன். புது டிஸ்க், முதலில் காலிப் பூட்டு, பிறகு பதிவுகள். ஸ்வாப்பையும் பூட்டினேன். இன்னொரு பாதி மேடத்திடம்தான் இருக்கிறது. காப்பி எடுத்ததில் ஒரு ஃபைலும் விடுபடவில்லை. உனக்கு முதல் கடிதம் எழுதியபோது அதெல்லாம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மழையன்று சர்வர் நின்றிருந்தாலும் மேடம் பதறியிருக்க மாட்டார், அது மட்டும் பொய், அழுகை நிஜம்.

நீ தேவையில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த அளவுக்கா என்னை மட்டமாக நினைத்தாய்? தேவை என்று எழுத வேறு வழி தெரியவில்லை. நீ எங்கே என்று கார்த்தியிடம் கேட்டேன். "அண்ணன் கடைலதான் கீது அண்ணி. ஆனா பேசாது. லெட்டரு எய்து, படிக்கும்" என்றான். சும்மா எப்படி எழுதுவது? நல்லா இருக்கியா என்று எழுத மானம் தடுத்தது. சர்வரைப் பிடித்துக்கொண்டேன்.

கூடுவாஞ்சேரியில் புது சர்வர் நன்றாக ஓடுகிறது. பழையதை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் படிக்கட்டுக்கு அடியில் அதை ஓட விட்டிருந்தேன். அது ஓடுகிறவரைக்கும் நீ ஒருநாள் வந்து தட்ட வேண்டியிருக்கும் என்று பாசாங்கு செய்துகொள்ளலாம் இல்லையா? கட்டடத்துக்காரர் கரண்டைத் துண்டிக்கப் போகிறேன் என்றதும் உள்ளே இருந்த பதிவுகளை முழுதாக அழித்துவிட்டு நானே நிறுத்தினேன். பழைய இரும்புக்காரருக்குப் போட வேண்டியதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஆட்டோவுக்கு ஆள் கூப்பிட்டு ஏற்றிவிட்டார்.

இப்போது அது நம் சாப்பாட்டு மேஜை மேல் இருக்கிறது. அது போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டு அம்சா வந்து மாவு மெஷின் வாங்கினாயா என்று கேட்டார். கறுப்புத் திரையில் அந்த ஒரு வரி வந்து கேட்கிறது. அதைக் கேட்பதற்கு வேண்டிய கொஞ்ச இடம் மட்டும் பூட்டாமல் வெளியே இருக்கும், மற்றது எல்லாம் இருட்டு. உள்ளே ஒரு பதிவும் இல்லை. காலி வீட்டுக்குப் பூட்டு.

உன் பாதி என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். பதிவுக்காக இல்லை. அத்தனை தடவை நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபோது பின்னால் நீ என்ன தட்டிக்கொண்டிருந்தாய் என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு தடவையும் தட்டி முடித்ததும் நீ தொண்டையைக் கனைப்பாய். அது எதற்கு?

அந்த நேரத்தில் கீபோர்டுக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில்தான் தட்டியிருப்பாய். உன் அம்மா பெயர் சம்பூர்ணம், அதைத் தட்டினேன். உன் பைக் நம்பர். என் பெயர், வெட்கமாக இருந்தது, ஆனாலும் தட்டினேன். மூன்று தடவை தப்பினால் மொத்தத்தையும் அணைத்துப் போட வேண்டும், தெரியுமல்லவா? நீ எப்போது பார்த்தாலும் வீடு கட்டும் பேச்சுத்தான் பேசுவாய் என்று வீடு என்று தட்டினேன். கனவு வீடு. நம்ம வீடு. எல்லாவற்றின் பின்னாலும் என் பாதியைச் சேர்த்து எண்டர் அடித்தேன். எதற்கும் திறக்கவில்லை. எந்தப் பாதி தப்பு என்றும் அது சொல்லாது.

மறந்துவிட்டாயா? மறந்திருந்தால் அதையாவது எழுது. இரும்புக்காரரைக் கூப்பிட்டுவிடுகிறேன்.

ரூத்


புதுப்பட்டினம்
24 ஜூலை 2024

ரூத்,

மறக்கவில்லை. படுத்தால் எழுந்தால் அதுதான்.

காகிதத்தில் எழுத மாட்டேன் என்று சொன்னவன் சொன்னதுதான். ஆனால் நீ தட்டிப் பார்த்ததில் ஒன்று வாசல் வரைக்கும் வந்துவிட்டது. கதவு திறக்காததற்குக் காரணம், நீ அதைத் திருத்திவிட்டுத் தட்டியிருக்கிறாய். நீ தட்டியது உன் வாய். நான் தட்டியது என் வாய்.

அதை வைத்தபோது நமக்குள் ஒன்றும் இல்லை. நீ எனக்கு வயரை மிதிக்காதே என்கிற ஆள், அவ்வளவுதான். நேரில் சொல்லத் தைரியம் இல்லாததால் உன் முதுகுக்குப் பின்னால் சொன்னேன். சொல்லிவிட்டுக் கனைத்துக்கொள்வேன்.

நிச்சயதார்த்தத்தன்று நான் உன் அத்தையிடம் சொன்னதும் அதுவேதான். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

சரவணன்


செங்கல்பட்டு
28 ஜூலை 2024, ஞாயிறு

சரவணா,

உன் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டு நின்றபடியே மெஷினைப் போட்டேன்.

முதல் தடவை எழுத்து தப்பியது. ஆங்கில வி-க்குப் பிறகு ஒற்றை யூ போட்டேன். நீ சொல்லும்போது அந்தச் சொல் எவ்வளவு நீளும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். இந்த வீட்டில் தனியாக நின்றுகொண்டு, சத்தமாக, உன்னைப் போலவே சொன்னேன். சின்ன வயதிலிருந்து என் வாயில் வராத சொல் அது. நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு ஓ போட்டுத் தட்டினேன்.

நம்ம வூடு.

திறந்துகொண்டது. உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத்தானே தெரியும், அழித்தவளே நான்தானே. ஆனாலும் அதன் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அழுதேன். எத்தனை வருடமாக என் முதுகுக்குப் பின்னால் இதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். நான் காலண்டரில் அமாவாசை எப்போது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நீ அதை எல்லோர் எதிரிலும் வாய்விட்டுச் சொன்ன அன்றைக்கு நான் பின்னாலிருந்து திருத்தினேன்.

என் பாதி என்ன என்று நீ கேட்டதே இல்லை. பழைய பூட்டுத்தானே, இனி எழுதலாம். நாம் பாஸ்வேர்டு வைத்த அன்று காலையில் அப்பா ஒரு பையனுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது காதிலேயே இருந்தது. "வல்லினம் மிகும்" என்று வைத்தேன். சிரிக்காதே. நீ ஒவ்வொரு தடவையும் நம்ம வூடு என்று தட்டிவிட்டுத் திரும்பி நிற்பாய். நான் பின்னாலேயே வந்து வல்லினம் மிகும் என்று தட்டுவேன். இரண்டையும் சேர்த்தால்தான் அது திறந்திருக்கிறது, பார்த்தாயா?

சர்ச்சிலிருந்து வந்ததும் மாவு கரைத்தேன், இரண்டு பேருக்கு. பைக்கையும் ஸ்டார்ட் செய்து பார்த்தேன், ஒரே உதையில் கிளம்பியது. ஆனால் நீ பஸ்ஸிலேயே வா. அந்தக் கண்டக்டருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் இல்லையா? மார்கரெட் அத்தைக்கும் போன் செய்தேன். அன்றைக்கு மாப்பிள்ளை கூப்பிட்டாரே, நீங்கள் இன்னும் வரவில்லையே என்று கேட்டேன். "எப்போ வரணும், சொல்லும்மா" என்றார். அவர் வருவது பிறகு ஆகட்டும். முதலில் நீ.

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்டப் போவதில்லை. கடைசி வரியைப் பார்த்தால் பேனாவை எடுத்துவிடுவார். அதில் வல்லினம் மிகுகிற இடம் எதுவும் இல்லை, நான் பார்த்துவிட்டேன். திருத்தவும் ஒன்றும் இல்லை.

வூட்டுக்கு வா.

ரூத்து